தோளில் இருந்த கையும் வாளி மூடியின் நிறமும்

டிசைன் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் என்ன செய்கிறோம் என்று நம் வீட்டில் யாருக்கும் கடைசிவரை புரியாது.

சொந்தமாக டிசைன் செய்து பிழைக்கும் சக பாவிகளே, “கொஞ்சம் பெரிசாக்குங்க” என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் விளம்பரங்கள் செய்துகொண்டிருந்தேன். நான் செய்தது யார் கைக்குப் போனது, அவர் அதைப் பார்த்தாரா, கசக்கி எறிந்தாரா, ஒன்றும் தெரியாது. அந்த உறுத்தல் தாங்காமல் ஊருக்கு வந்து, புதுக்கடை சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை பிடித்து உட்கார்ந்துவிட்டேன். கத்தாரில் இருக்கும் அண்ணன் அங்கே எனக்கு ஒரு நல்ல வேலை பேசி வைத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவன் கட்டளை. ஊரிலேயே நிற்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அம்மா முழுக்க முழுக்க அண்ணன் கட்சி.

“கல்யாணக் கார்டும் எளவு போஸ்டரும் வரையதுக்கு இம்புட்டுப் படிப்பு எதுக்குட்டி?” என்பாள்.

சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு குடும்பம்

திருவட்டாறில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் ஒருவர் பாக்கெட்டுக்கு டிசைன் கேட்டு வந்தார். வெள்ளைப் பின்னணியில் ஒற்றை வாழையிலை, கீழே சின்னதாகக் கடைப் பெயர். செய்து முடித்து நானே அதன் அழகில் மயங்கிக் கிடந்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். மறுநாள் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் மனைவி, “எண்ணெய்ச் சட்டி எங்க?” என்றார். மகள் ஒரு பூ கேட்டாள். கடை வைக்க உதவிய மச்சான் படம் மேலே வேண்டும், பேரன் படம் கீழே வேண்டும். என் வாழையிலை ஒரு மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் உற்றுப் பார்த்தார். சரி, இனி யாரோ விட்டுப்போன சித்தப்பா வரப்போகிறார் என்று நினைத்தேன்.

“இந்தா, இந்த மூலையில எடம் கெடக்கு. உங்க போட்டோவையும் வச்சிருங்க மோளே, நீங்களும் பாடுபட்டதுதானே” என்றார்.

வாளி மூடி

கடற்புறத்திலிருந்து ஒருவர் புது மீன்பிடி வள்ளத்துக்குப் பெயரும் நிறமும் அமைத்துத் தரச் சொல்லி வந்தார். நீலமும் வெள்ளையுமாக நான் போட்டுக் காட்டியவற்றை அவர் மரியாதைக்குப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியின் மூடியை எடுத்து மேஜையில் வைத்தார். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. “வள்ளம் மொத்தமும் இதே நெறம். கொஞ்சமும் மாறப்படாது” என்றார்.

இதற்கு நான் எதற்கு, மூடியைப் பெயிண்ட் கடையில் காட்டினால் போதுமே என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, ஏன் இந்த நிறம் என்று மட்டும் கேட்டேன். அவர் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். ஆனாலும் வள்ளம் கரைக்கு வரும் நேரத்துக்குப் போய் மணலில் உட்கார்ந்துவிடுவாராம். எந்த வள்ளம் மகனுடையது என்று தெரியாமல், வருகிற ஒவ்வொன்றுக்கும் எழுந்து நிற்பாராம். அதனால் ஒருநாள் இவரும் தம்பியும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூரத்தில் தூக்கிப் பிடித்து, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். பாய், போர்வை, குடம், எதற்கும் பதில் இல்லை. இந்த மூடிக்கு மட்டும்தான், “அது என்னடா சொவந்து கெடக்கு?” என்று கேட்டாராம்.

பெங்களூரில் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒரு நிறத்துக்கு இவ்வளவு பெரிய வேலை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த மூடியை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

“எழுத்து உங்க இஷ்டம்போல இருக்கட்டும். நெறம் மட்டும் தெரிஞ்சாப் போதும், மோன் வந்தாச்சுன்னு அம்மை எழும்பி வீட்டுக்குப் போயிருவா” என்றார்.

நடுவில் ஒன்றும் இல்லை

அஞ்சுகிராமம் பக்கம் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் தாங்கல் ஒன்றின் திருவிழா நோட்டீஸ். கேட்டு வந்தவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், என் வயதுதான் இருக்கும். நான் தாமரை, தீபம், ஒளிக்கதிர் எல்லாம் போட்டு, நடுவில் என்ன படம் வைக்க என்று கேட்டேன். “படம் வாண்டாம் மேடம். தாங்கலுக்குள்ள கண்ணாடிதானே இருக்கு? கும்பிடப் போறவன் அவனவன் மொகத்தத்தான் பாப்பான்” என்று சாதாரணமாகச் சொன்னார்.

கேள்விப்பட்ட விஷயம்தான். ஆனாலும் அன்றைக்குப் புதிதாகக் கேட்டதுபோல மலைத்துப்போனேன். காலி இடம் கண்டால் எதையாவது நிரப்பத் துடிப்பவள் நான். கதிர்களை எடுத்தேன், பூக்களை எடுத்தேன். நடுவில் வெறும் வெள்ளை, சுற்றி மெல்லிய ஒரு கோடு. அச்சகத்திலிருந்து போன் வந்தது, படம் விட்டுப்போச்சு, திரும்ப அனுப்புங்கள் என்று. விட்டுப்போகவில்லை என்று அவர்களை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அச்சாகி வந்த நோட்டீஸைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இப்பம் சரியாச்சு. ஊர்ல உள்ள எல்லாரும் உள்ள வந்தாச்சுல்லா” என்றார்.

கை

அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்ட சமயம், அண்ணன் தம்பி இரண்டு பேர் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக வந்தார்கள். காலையில் அப்பா தவறிவிட்டார். அவர் இருக்கும் படமென்று கிடைத்தது ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ மட்டும். அதில் பின்னால் நிற்கும் மனைவி அவர் தோளில் கை வைத்திருந்தார். நாமெல்லாம் இந்த வேலையை எத்தனை தடவை செய்திருக்கிறோம்! அவரைத் தனியாக வெட்டி, கையை அழித்து, தோளைச் சரிசெய்து, சட்டைக்கு மேல் ஒரு கோட்டும் மாட்டினேன். பெயர்கள் சரியா என்று பார்க்க மூத்தவன் அதை வீட்டுக்கு அனுப்பினான்.

உடனே போன் வந்தது. அவன் கேட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினான். அந்த அம்மாதான். பின்னால் ஒப்பாரி கேட்டது, அவர் குரல் மட்டும் நிதானமாக இருந்தது. “அதுல எனக்க கை எங்க?” என்று கேட்டார். தனியாக ஒரு கை மட்டும் தோளில் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று தொழில் முறைப்படி விளக்க ஆரம்பித்தேன்.

“கையை எடுக்காண்டாம் மோளே. இத்தன வருசமும் அது அங்கதானே கெடந்து” என்றார்.

அண்ணனுக்குப் பதில்

கோட்டைக் கழற்றினேன். கையைத் திரும்ப வைத்தேன். பேனர் புதுக்கடை சந்திப்பில் ஏறியது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்ததை மாடியிலிருந்து நான் பார்த்தேன். அன்று மீன் வாங்க வந்த அம்மாவும் அங்கே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, “அது நீ செய்ததா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மீனை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அவ வரல மக்கா. அவளுக்கு இங்க சோலி உண்டு. நான் செத்தா எனக்க போட்டோவ வேற எவனும் வெட்டாண்டாம், கேட்டியா?” என்றாள்.

சீக்கிரம், சீக்கிரம் என்று பறக்கும் ஆர்டர்களுக்கு நடுவே, எவ்வளவு தாமதமாக வருமோ அவ்வளவு தாமதமாக வரட்டும் என்று மாதாவிடம் நான் தினமும் வேண்டிக்கொள்ளும் ஆர்டர் அம்மாவின் இந்த ஒன்றுதான்.