வீட்டில் விட்டுப்போன கிளிப்பு

போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலை பார்த்த வெள்ளியங்கிரிக்குக் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். அஸ்தம்பட்டி பல் டாக்டர் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கிளிப்பு ஒன்றைச் செய்து கொடுத்து, தூங்கும்போதெல்லாம் மாட்டச் சொன்னார். வீட்டில் இருக்கும்வரை மாட்டினார். மனைவி தனப்பிரியாவும் நிம்மதியாகத் தூங்கினாள்.

வடக்கே போர்வெல் போடக் கிளம்பியபோது கிளிப்பு டப்பாவை நீட்டினாள்.

“ஏனுங்க, இதையும் எடுத்துக்கங்க.”

“உன்ற தூக்கத்துக்குத்தான புள்ள இது? அங்க ரிக்கு போடற சத்தத்துல என்ற குறட்டை எவனுக்குக் கேக்கப்போவுது? கெழவன் பல்லுசெட்டுன்னு பசங்க ஓட்டுவானுங்க.”

அவளும் சிரித்துவிட்டு அதை அலமாரியில் வைத்துவிட்டாள்.

அங்கே ஒரு ராத்திரி லாரியில் படுத்தவர் எழவே இல்லை. காரியத்துக்கு வந்த ரிக் ஆள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “மிசினு ஓடிட்டிருந்துச்சுங்கக்கா. குறட்டை நின்னதே எங்களுக்குத் தெரியலீங்க.”

தனப்பிரியா அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.