கோபு இனி வணக்கம் சொல்ல மாட்டான்

போன வாரம் மறைமலைநகரிலிருந்து ஒரு வாசகி வீடியோ அனுப்பியிருந்தார். அவருடைய ஏழு மாத லாப்ரடார், டைல்ஸ் தரையில் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து, கேமராவைப் பார்த்து வணக்கம் சொல்கிறது. கீழே ஒரு வரி: 'உங்கள் பத்தியைப் படித்துத்தான் கற்றுக்கொடுத்தேன் சார்.'

பாதியிலேயே வீடியோவை நிறுத்தினேன்.

ஆமாம், எழுதியது நான்தான். எங்கள் கோபு வணக்கம் சொல்லும் அழகை இதே இடத்தில் ஒரு வாரம் முழுக்க அளந்திருந்தேன். எப்படிப் பழக்குவது, எப்போது பிஸ்கட் கொடுப்பது என்று செய்முறை விளக்கம் வேறு. அதைப் படித்தவர்கள் தயவுசெய்து இதையும் படித்துவிடுங்கள். அன்று எழுதியதை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

கோபுவும் லாப்ரடார்தான். டீ கலர். எங்கள் வீடு திருவிடந்தையில், பெருமாள் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுகிற கோயில். கல்யாணம் ஆனதும், காய்ந்துபோன அந்த மாலையோடு ஜோடியாக மறுபடி வர வேண்டும். ஆக, கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு சொந்தக்காரரும் எங்கள் வீட்டுக்கு இரண்டு விசிட் உறுதி. எனக்கும் என் மனைவி சுமதிக்குமாகச் சேர்த்து மொத்தம் எத்தனை சொந்தக்காரர்கள்? கேட்காதீர்கள்.

வருகிறவர்கள் வாசலில் கைகூப்புவார்கள். கோபு எழுந்து நின்று பதிலுக்குக் கைகூப்புவான். அப்படித்தான் பழக்கியிருந்தேன். உடனே கைதட்டல், செல்ஃபி, பிஸ்கட்... பிரசாதத்தில் பாதியும் அவன் வாய்க்குள் போய்விடும்.

ஒன்பது மாதத்திலேயே ஆள் தளதளவென்று ஆகிவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எலும்புக்கு நல்லது என்று கால்சியம் டானிக் வேறு நானாகவே வாங்கி ஊற்றினேன். யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை.

முதலில் கவனித்தவர் ஏகாம்பரம். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு நாள் காலையில் கோபு ஓடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், நாயி பின்னங்கால் ரெண்டையும் ஒண்ணா தூக்கிகினு ஓடுது? முயலு கணக்கா கீது."

"அது அவன் ஸ்டைல்" என்றேன்.

"ஸ்டைலா? எழுந்துக்கவே தடுமாறுது பாரு சார். இட்டுகினு போய் டாக்டராண்ட காட்டு."

நான் காட்டவில்லை. ஆட்டோக்காரருக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அதற்குள் அந்த முயல் ஓட்டத்தை இரண்டு ரீல்ஸாகவும் போட்டிருந்தேன்... லைக்ஸ் குவிந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து, காரில் ஏற மாட்டேன் என்று கோபு நின்றுவிட்டான். தூக்கப்போனால் முனகினான். கடைசியில் ஏகாம்பரத்தின் ஆட்டோவில்தான் செங்கல்பட்டுக்குப் போனோம். 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று வழியில் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டாக்டர் இளம்பெண். மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் காட்டி நிதானமாக விளக்கினார்.

"தொடை எலும்போட உருண்டையான தலை, இடுப்புல இருக்கிற கிண்ணத்துக்குள்ள கச்சிதமா உக்காரணும் சார். இவனுக்குக் கிண்ணம் ஆழமே இல்ல, தட்டு மாதிரி இருக்கு. அதனால உருண்டை நழுவி நழுவி உரசுது. ஹிப் டிஸ்பிளேசியான்னு சொல்வோம். பெரிய ஜாதி நாய்கள்ல அதிகம். பரம்பரையா வர்றது. குட்டி வாங்கும்போது அதோட அப்பா அம்மாவுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்காங்களான்னு கேட்டீங்களா?"

நான் குட்டியின் மூக்கை மட்டும்தான் பார்த்து வாங்கினேன்.

"வளர்ற வயசுல எடை ஏறினா, வழுக்குற தரையில ஓடினா, குதிச்சா இன்னும் மோசமாகும். ரெண்டு கால்ல நிக்க வைக்கிற பழக்கம் ஏதாவது உண்டா?"

நான் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன். கிளம்பும் நேரத்தில் சுமதி, நன்றி சொல்ல டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மூலையில் மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த கோபு அதைப் பார்த்தான். சுவரில் முதுகைச் சாய்த்து எழுந்து நிற்கப் பார்த்தான். பின்னங்கால்கள் நடுங்கின. முன்னங்கால்கள் ஒன்று சேர்வதற்குள் சரிந்து விழுந்தான். விழுந்த பிறகும் என் முகத்தைத்தான் பார்த்தான், பிஸ்கட்டைத் தேடவில்லை.

இத்தனை நாளும் இவனுக்கு வலித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அந்த வலியோடுதான் வணக்கம் சொல்லியிருக்கிறான். நாங்கள் கைதட்டியிருக்கிறோம். எனக்கு அசிங்கமாக இருந்தது.

"முதல்ல இதை நிறுத்துங்க சார்" என்றார் டாக்டர். "எடை குறையணும். நாலு மாசம் பார்ப்போம். சரியா வரலேன்னா ஆபரேஷன்தான். சும்மா விட்டா, நாலஞ்சு வயசுல எழுந்து நிக்கவே கஷ்டப்படுவான்."

வளர்கிற பெரிய நாய்க்குக் கூடுதல் கால்சியமும் கெடுதலாம்; டானிக் அன்றைக்கே குப்பைக்குப் போனது. சாப்பாடு தராசில் நிறுத்துத்தான். வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மட்டும்; நாம் போட்டுக்கொள்ளும் தலைவலி மாத்திரை நாயின் உயிருக்கே ஆபத்தாகலாமாம். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக நான் தேடித்தேடிப் போட்ட டைல்ஸ் மேல் ஹால் முழுக்க ரப்பர் பாய் விரித்தோம். "வீடா, ஜிம்மா?" என்றாள் சுமதி. காலையும் மாலையும் கால்மணி நேரம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலோரத்தில் மெதுநடை. அதுவும் அலை நனைத்து இறுகின மணலில் மட்டும். காய்ந்த மணலில் கால் புதைந்தால் இடுப்புக்குத்தானே வேலை?

இதெல்லாம் சுலபம். வணக்கத்தை மறக்கடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கண்டுகொள்ளாமல் விட்டால், சரியாகச் செய்யவில்லையோ என்று இன்னொரு முறை எழுந்து நிற்கிறான். அதட்டினால் பயந்துபோய் இன்னொரு வணக்கம் போடுகிறான். சுமதி சாமி கும்பிடக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டில் ஒரு போர்டு மாட்டினேன்: 'உள்ளே வருபவர்கள் கைகூப்ப வேண்டாம்.' தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மறக்கடிக்க முடியாது, மாற்றித்தான் பழக்க வேண்டும் என்று டாக்டர்தான் சொல்லிக்கொடுத்தார். யாராவது கைகூப்பினால் கோபு படுக்க வேண்டும். படுத்தால் ஒரு துண்டு வெள்ளரிக்காய். தினமும் சுமதி கைகூப்புவாள், நான் "படு" என்பேன். எழுந்து நிற்காமல் கோபு படுப்பதற்கே வாரக்கணக்கானது.

நாலாவது மாதம் மறுபடி எக்ஸ்ரே. கிண்ணம் ஆழமாகவில்லை. அது ஆகவும் ஆகாதாம். ஆனால் எடை இறங்கியிருந்தது, தொடைச் சதை இறுகியிருந்தது. "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், இப்படியே போகட்டும்" என்றார் டாக்டர். இப்படியே என்றால், ஆயுசு முழுக்க.

மறைமலைநகர் அம்மாவுக்கு வீடியோ வந்த அன்றே பதில் போட்டுவிட்டேன். உங்கள் நாய்க்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் வணக்கத்தை இன்றே நிறுத்துங்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று. இந்தப் பத்தி மற்றவர்களுக்கு.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்திலிருந்து சுமதியின் பெரியப்பா வந்தார். லாரி வைத்திருப்பவர். கூடவே புதுமணத் தம்பதி, அவருடைய மகளும் மருமகனும், கையில் காய்ந்த மாலை. போர்டைப் படிக்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. கேட்டைத் திறந்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"மாமா, கையைக் கீழே போடுங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "மாப்ள வூட்டுக்கு வந்து கும்புடக்கூடாதா? இன்னா மாப்ள இது?"

கை இறங்கவில்லை. ஹால் வாசலில் ரப்பர் பாயில் கிடந்த கோபு எழுந்துவிட்டான். பெரியவரைப் பார்த்தான். முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு அரை அடி உயர்ந்தது. "படு" என்று சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

தூக்கிய காலைக் கோபு மெதுவாகக் கீழே வைத்தான். பாயில் அப்படியே நீட்டிப் படுத்துக்கொண்டு, வெள்ளரிக்காய்க்காக என்னைப் பார்த்தான்.

"இவ்ளோதானா?" என்றார் பெரியவர். "கும்புடு போடும்னு நம்ம புது மாப்ளகிட்ட சொல்லி இட்டாந்தேனே."

இவ்வளவுதான் மாமா. நாலு காலும் தரையில் இருப்பதுதான் எங்கள் நாய்க்குத் தெரிந்த பெரிய வித்தை.