ஆகாததை ஆயிற்று என்று எழுதாத தனபாலன் சார்

தனபாலன் சார் இறந்த செய்தி வந்தபோது நான் மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் என் வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மாணவி யோகாதான் அழைத்தாள்.

"மாமா, சார் போயிட்டாரு."

"எங்க போனாரு? அந்த ஆபீஸுக்கா?" என்று கேட்டேன்.

அவள் அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது. என் மேல் தப்பில்லை. யோகாவின் சான்றிதழுக்காக அரசாங்க ஆபீஸ் ஒன்றின் படி ஏறுவதைத் தவிர, கடைசிக் காலத்தில் சார் போகிற இடமென்று வேறு இருக்கவில்லை. டயரை அரைகுறையாக முடுக்கிவிட்டுப் புக்கிட் பெருவாங்கில் அவர் வீட்டுக்கு நான் ஓட்டிய வேகத்தில், வழியிலிருந்த சிவப்பு விளக்கெல்லாம் பயந்து பச்சையாக மாறின.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புக்கிட் ரம்பாயில், கடைவீட்டு மாடியில் இயங்கிய ஒரு தனியார் தொழில் திறன் கல்லூரியில் அவர் மின்கம்பி வேலை கற்றுக்கொடுத்தார். மாணவர் தேறினாரா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் மதிப்பீட்டாளரும் அவரே. நான் அந்தக் கல்லூரியின் வேன் ஓட்டுநர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். என்னை இழந்ததற்கு அந்தப் பள்ளிதான் இன்றுவரை வருந்துகிறது. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து சாரிடம் இறக்குவேன். நான் ஏற்றி வராவிட்டால் அவர் யாருக்குப் பாடம் நடத்தியிருப்பார்?

சாரின் சோதனை வேறு எங்கும் இல்லாத சோதனை. மாணவர் பலகையில் விளக்கு, விசிறி, பிளக் எல்லாம் பூட்டி முடித்ததும் சார் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அது பாதிதான். மீதிப் பாதிக்குக் கீழே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார். "இவருதான் வீட்டுக்காரரு. நீ செஞ்சது என்னன்னு இவருக்கு வெளங்கற மாதிரி சொல்லு" என்பார். எனக்கு விளங்காவிட்டால் மாணவர் தேறவில்லை. ஆக அந்தக் கல்லூரியில் அரை மதிப்பீட்டாளர் நான்தான். முக்கால் என்றுகூடச் சொல்லலாம்.

யோகா சோதனைக்கு நின்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவள் அப்பா தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுபவர். ஒல்லிப் பெண், வாய் மட்டும் லோரி ஹாரன்.

"ஏம்மா, இடி இடிச்சா இந்தச் சுவிட்சு தானா விழுதே, என் ஃபிரிட்ஜுல இருக்கிற மீன் என்ன ஆவறது?" என்று கேட்டேன். கடினமான கேள்வி. இன்ஜினியர்களே இதில் விழுந்திருக்கிறார்கள்.

"மீன் நாறும் மாமா. விழலன்னா நீங்க நாறுவீங்க. எது வசதி?"

சார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "வீட்டுக்காரருக்கு வெளங்கிடுச்சா?" என்றார். விளங்கிவிட்டது என்றேன்.

'தோல்வி' என்ற சொல்லை அவர் எழுதவே மாட்டார். சரியாகச் செய்யாதவர் பெயருக்கு நேரே 'இன்னும் ஆகவில்லை' என்றுதான் எழுதுவார். "இன்னும் ஆவலன்னா நாளைக்கு ஆவும். ஆவாததை ஆச்சுன்னு எழுதிட்டா அது எப்பவுமே ஆவாது" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

வினை வந்தது இதற்குப் பிறகுதான். பலகைச் சோதனை தேறினால் மட்டும் போதாது. ஆறு மாதம் வெளியே உண்மையான வேலையிடத்தில் செய்து காட்டினால்தான் சான்றிதழ். அந்த இடத்தைக் கல்லூரியே பிடித்துத் தரும் என்று சேரும்போது சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலை வரும், வரும் என்றார்கள். வந்தது பட்டமளிப்பு விழாத் தேதிதான். இயக்குநர் சாரை அறைக்குள் கூப்பிட்டார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். கதவுக்கு வெளியே இருந்தேன் என்று சிலர் சொல்வார்கள். என் காது உள்ளேதான் இருந்தது.

"சார், ஹால் புக் பண்ணியாச்சு லா. பேரண்ட்ஸ்லாம் சேலை எடுத்துட்டாங்க. ஆறு மாசம் செஞ்ச மாதிரி எழுதிடுங்க."

"செய்யலையே."

"பேப்பர்லதானே சார்?"

"கரண்டு பேப்பர்ல ஓடலையே. இடம் புடிச்சிக் குடுக்கறேன்னு சொன்னது நாம. புடிச்சிக் குடுக்காததும் நாம. அதை மறைக்க அந்தப் புள்ளைங்க கையால பொய் எழுத வைக்கணுமா?"

அடுத்த வாரமே மதிப்பிடும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கி, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். எங்கிருந்தோ ஒருவரைக் காரில் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பலகையையும் பார்க்கவில்லை. அரைநாளில் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடக்கூட நிற்காமல் போனார். செய்யாத வேலையைச் செய்ததாகப் பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஆடு வெட்ட நாள் குறித்துவிட்டார்கள்.

யோகா மட்டும் எழுதவில்லை. வேனில் அவளிடம் நானே கேட்டேன்.

"ஏன் புள்ள, எல்லாரும் எழுதறாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"எழுதிட்டு வேலைக்குப் போனா, ஆறு மாசம் எங்க செஞ்சேன்னு கேப்பாங்க மாமா. உங்க வேனுலன்னு சொல்லட்டா?"

விழாவன்று மற்றவர்கள் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். சாருக்கு நாற்காலிகூடப் போடவில்லை. அதே நேரத்தில் அவரும் யோகாவும் நானும் என் வேனில் மலாக்கா டவுன் முழுக்க மின்சாமான் கடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஜமால் பாய் என்ற, மின்வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் ஒத்துக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு ஏணி ஏற வருமா சார்?"

"உங்களுக்கு வருமா பாய்?" என்றாள் யோகா.

பாய் தன் தொப்பையைப் பார்த்தார். "சரி, நாளைக்கு வந்துரு" என்றார். நான் அங்கு நின்ற கம்பீரத்தைப் பார்த்துத்தான் அவர் சம்மதித்தார் என்பது என் கருத்து.

ஆறு மாதமும் முழுதாகச் செய்தாள். வாரா வாரம் சார் தன் சொந்த மோட்டார்சைக்கிளில் போய் அவள் வேலையைப் பார்த்தார். முடிவில் 'ஆயிற்று' என்றார். அவர் வாயில் அந்தச் சொல் சுலபமாக வராது. ஆனால் கல்லூரியில், "அந்தக் குழுவோட கணக்கு முடிஞ்சிடுச்சு, அடுத்த குழுவோட சேத்துக்கறோம்" என்றார்கள். அடுத்த குழு வரவேயில்லை. அந்தப் படிப்பையே மூடிவிட்டார்கள். சான்றிதழ் தரும் அரசாங்க ஆபீஸில் கேட்டால் கல்லூரி பெயரை அனுப்பட்டும் என்றார்கள். கல்லூரியில் கேட்டால் ஆபீஸ் அந்தக் கணக்கைத் திறந்து விடட்டும் என்றார்கள். இப்படியே சாரைப் பந்தாடினார்கள். சிறுநீரகம் கெட்டு, இரத்தம் சுத்திகரிக்கிற நாள் போக மிச்ச நாளெல்லாம் அவர் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய் விட்டது என் வேன்.

ஆக, முழுதாக முடித்த ஒருத்தியிடம் சான்றிதழ் இல்லை. ஜமால் பாய் நல்லவர்தான், ஆனால் தாள் இல்லாதவளை உதவியாளாகத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்கிறார். தாள் வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. வேலைக்கு எடுத்த முதலாளிகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார்கள். பலர் இப்போது மோட்டார்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதிலும் சிலர், தனபாலன் சார் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பேசிக்கொண்டு திரிந்தார்கள். அது சார் காதுக்கும் வந்தது. "அவங்களும் ஏமாந்தவங்கதான். கோபம் யார் மேலயாவது போவணும்ல" என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பேசியவர்களின் முகமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சவ வீட்டுக்கு இயக்குநர் பெரிய காரில் வந்தார். மாலையோடு, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழையும் கொண்டுவந்தார். 'சிறந்த மதிப்பீட்டாளர்' என்று தங்க எழுத்து. அதைச் சாரின் காலடியில் வைக்கக் குனிந்தார். சாரின் மனைவி சரோஜா அக்கா எழுந்தார்.

"என்ன இது?"

"சாரோட சேவைக்கு எங்க மரியாதைமா."

"இவர் வேலை செய்யறதை நீங்க எப்ப வந்து பாத்தீங்க? பாக்காமக் குடுக்கற சேட்டிபிக்கேட்டுதானே இதுவும்? இவருக்குப் புடிக்காது. எடுத்துக்குங்க."

அக்கா என் பக்கத்தில் நின்ற யோகாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "நீங்க கொண்டாந்திருக்க வேண்டியது இந்தப் புள்ளையோடது."

"பாக்கலாம்மா" என்றார் இயக்குநர். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். அவரை நான் பார்த்த பார்வையில் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கவில்லை என்றால் அது அவர்கள் கண்ணின் குறை.

தகனத்துக்கு என் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போனேன். யோகா முன்சீட்டில் இருந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"மாமா, திங்கக்கிழமை ஆபீஸுக்கு வேன் வருமா?"

"வரும்."

"சார் இல்லாம நான் போய்ச் சொன்னா கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க" என்றேன். "போவோம்."

தனபாலன் சார், நீங்கள் அமைதியாகத் தூங்குங்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நான் எழுத மாட்டேன். யோகாவின் பெயர் அந்தத் தாளில் ஏறும்வரை தூங்காதீர்கள். எங்கே இருக்கிறீர்களோ அங்கே கொஞ்சம் கோபமாகவே உட்கார்ந்திருங்கள், சார். திங்கட்கிழமை காலையில் நாங்கள் அந்தப் படியில் இருப்போம்.