ராயபுரம் பாலத்து ஏற்றம்

அப்பாவின் மீன்பாடி வண்டியில் நான் பார்த்து மீன் ஏறியதே இல்லை. சிமெண்ட் மூட்டைதான் ஏறும். மோட்டார் கிடையாது, மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் வழியில் ரயில் பாதைக்கு மேலே ராயபுரம் பாலம். ஏற்றம் தொடங்கியதும் அப்பா இறங்கிவிடுவார். முன்னால் அவர் இழுப்பார், பின்னாலிருந்து அம்மா தள்ளுவாள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது தம்பி அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். இனிமேல் வண்டி தள்ளவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கை வச்சா போதும் கண்ணு. மேல ஏறிட்டா அப்பால தானா போய்க்கும்."

பத்து மூட்டை. முதலில் உண்மையாகவே தள்ளினேன். வெயில், கண்டெய்னர் லாரிகளின் புகை, உள்ளங்கையில் அரிக்கும் சிமெண்ட் தூள். கொஞ்ச தூரத்தில் கை வலித்தது. சற்றே தளர்த்தினேன். வண்டி நிற்கவில்லை. முழுதாக விட்டுப் பார்த்தேன், அப்போதும் போனது. அப்புறம் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சாய்த்தேன். மூட்டைகளோடு என்னையும் அது மேலே இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு சாமர்த்தியம் எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. அப்பா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தள்ளுறியாம்மா?"

"தள்ளிகினுதான் கீறேன் நைனா."

என் முகத்தைப் பார்த்தார். என் நெற்றியில் வியர்வைகூட இல்லை.

"சரி, கெட்டியா புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

அன்று வீட்டில் கால் வலிக்கிறது என்று நான் முனகினேன். அம்மா தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அப்பா சொன்னார்: "பொண்ணு இல்லன்னா இன்னிக்கி ஏத்தியே இருக்க முடியாது." சட்டியில் இருந்த பெரிய மீன் துண்டு என் தட்டுக்கு வந்தது. கூச்சமே இல்லாமல் தின்றேன்.

திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில் டீச்சர் கேட்டார்: பாரவண்டி மேட்டில் ஏறுகிறதே, அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல், டீசல் என்று சத்தம் எழுந்தது. நான் எழுந்து நின்றேன். "தள்ளுறவங்க ஒடம்புலேர்ந்து மிஸ். அவங்க சாப்ட்ட சோத்துலேர்ந்து. எங்க நைனா வண்டிய நான் தள்ளியிருக்கேன்."

டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். இன்றைக்கும் யாராவது கைதட்டினால் எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வருகிறது, காது சூடாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு அப்பா என்னை வண்டிக்குக் கூப்பிடவே இல்லை. ஐந்தைந்து மூட்டையாக இரண்டு நடை போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருபவர் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். அம்மா காரணம் கேட்டதற்கு, "டயரு வீக்கா கீது, லோடு தாங்காது" என்றார்.

நானும் நம்பினேன். ஒருநாள் வாசலில் நின்ற வண்டியின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். புது டயர், கல் மாதிரி இருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விளையாடப் போய்விட்டேன்.