கடலைக் கோழிக்குக் காரைக்காலில் ஓர் இடம்

மெஸ் நடத்துவதில் சமைப்பது சுலபம். புதிதாக ஒன்றை இலையில் வைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் விருத்தாசலம் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் வறுத்த வேர்க்கடலையைக் காய்ந்த மிளகாயோடு அரைத்து ஊற்றினால்தான் அது கோழிக்குழம்பு. கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்து, வீட்டுக்காரரோடு மெஸ் தொடங்கியபோது போர்டில் ‘கடலைக் கோழி’ என்று எழுதச் சொன்னேன். தேங்காய் இல்லாத குழம்பை இந்த ஊர் தொடாது என்றார் அவர். பொங்கல் வரை பார்ப்பது, ஓடாவிட்டால் தேங்காய்க்கே திரும்புவது என்று முடிவானது. எனக்குத் துளியும் பயமில்லை. ஆனால் தோற்றால் அடுப்படியில் என் பேச்சு அதோடு சரி!

கோட்டுச்சேரிக்காரர்

உர மூட்டை வாங்க வந்த விவசாயி ஒருவர் போர்டைப் படித்துவிட்டு, “கடலைன்னா சுண்டலுங்களா?” என்றார். பதிலுக்குக் குழம்பை ஊற்றினேன். ரசம் கொண்டுபோனபோது வேண்டாமென்று இலையைக் கையால் மறைத்தார். மறுபடியும் குழம்புதான் கேட்டார். கை கழுவும்போது முகம் மட்டும் கவலையாக இருந்தது.

“ருசியாத்தான் இருக்குங்க. ஆனா கறி சாப்புட்டேன்னு சொன்னா, வாயில கடலை வாசம் அடிக்குதேன்னு வீட்டுல நம்ப மாட்டாங்களே!”

பார்சல்

ஆறினால் கடலைக் குழம்பு இறுகிவிடும். இதைச் சொல்லாமல் தருமபுரத்து டீச்சர் ஒருவருக்குப் பார்சல் கொடுத்துவிட்டேன். “அக்கா, குழம்பு எங்க? வெறும் விழுதுதான் இருக்கு” என்று போன் வந்தது. வெந்நீர் விட்டு ஒரு கொதி விடச் சொன்னேன். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

“நான் வெந்நீர் வைக்கிறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு சப்பாத்தியில தடவியே முடிச்சிட்டாருக்கா. இனிமே எங்களுக்குக் கெட்டியாவே குடுங்க.”

வீட்டுக்காரர் செய்த உதவி

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மழை பிடித்துக்கொண்டதில் கூட்டம் குறைந்திருந்தது. நான் தோற்றுவிடுவேனோ என்று என் வீட்டுக்காரருக்குப் பரிதாபம் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறி வைத்துவிட்டார். அது தெரியாமல் நானே பரிமாறினேன்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஞாயிறு தவறாமல் வருவார். ஒரு வாய் வைத்தவர், சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பக்கத்து மேசைகளிலும் முகங்கள் சுளித்தன. குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். காரம் செத்து ஒரே தித்திப்பு! இவரைத் திரும்பிப் பார்த்தேன். கல்லாவில் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் பெரியவர் முந்திக்கொண்டு, கல்லாவைப் பார்த்துப் பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டார்.

“என்ன முசியே, தேங்காக் கொழம்பு எங்க வீட்டுலயே தெனம் வைக்கிறாங்க. பொறவு எதுக்கு மழையில நனைஞ்சிக்கிட்டு இங்க வர்றோம்?”

ஆக, ஓர் ஊரின் நாக்கை ஒரு பொங்கலுக்குள் பழக்கிவிட்டேன். கட்டியவரின் கையைப் பழக்கத்தான் இன்னும் சில பொங்கல் ஆகும் போலிருக்கிறது.