துவர்த்து வேண்டாத நைட்டி

திரும்பி வந்த லாட்

திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்குப் போன நைட்டி லாட் முழுசும் ஒரு வாரம் கழிச்சு அப்படியே பாறசாலைக்குத் திரும்பி வந்தது. ஒரு பீஸ் விக்கல. நான் தையல் யூனிட்டுல செக்கிங் சூப்பர்வைசர். தையல் குத்தமாயிருந்தா எனக்க தலைதான் உருளும். ஒவ்வொண்ணா விரிச்சுப் பாத்தேன். யோக் நேரா இருக்கு, ஓவர்லாக் பிரியல, பட்டன் கெட்டியா நிக்குது. பின்ன என்ன எளவுக்கு மொத்தக் கடைக்காரரு திருப்பி விட்டாரு?

எங்க ஓனர் பேரு ஷெர்லி. பொழியூர் கடப்புறத்துக்காரி. அப்பன் வள்ளத்துல மீன் பிடிக்கப் போவாரு, அம்மை தலையில கூடை வச்சு மீன் விப்பா. திருவனந்தபுரத்துல காலேஜ் படிக்கும்போ ஒரு போட்டோகிராபர் கண்ணுல பட்டா. பெறவு பெங்களூர், பம்பாய், பாரீஸ் வரைக்கும் ரேம்ப்ல நடந்தா. பத்திரிகை அட்டையில எல்லாம் சூப்பர் மாடல்னு அவ படம் வரும். அப்படிப்பட்டவ, கூப்பிட ஆளு இருக்கும்போதே அதை விட்டுட்டு வந்து நெய்யாற்றின்கரையில பியூட்டி பார்லர் தொறந்தா. கல்யாணப் பெண்ணுக இடிச்சுக்கிட்டு நின்னுது. அது போதாதுன்னு பாறசாலையில இந்த யூனிட். "பாரீசுல நடந்தவளுக்கு நைட்டி யாவாரமா?"ன்னு ஊரு சிரிச்சது. சிரிச்சவளுக பாதிப் பேரு பெறவு எங்கிட்டயே வேலை கேட்டு வந்தாளுக, அது வேற கதை.

நான் அதுக்கு முந்தி அண்டியாபீசுல முந்திரிக்கொட்டை உடைச்சவ. கொட்டை எண்ணெய் பட்டு கை ரெண்டும் கருத்து வெந்து கிடக்கும். "இந்தக் கையோட துணியைத் தொட்டா உருப்படுமா?"ன்னு கட்டிங் மாஸ்டர் விரட்டினாரு. "கை வெளுக்கும் மாஸ்டரே, நாளைக்கு வரட்டு"ன்னு ஷெர்லிதான் என்னை எடுத்தா. இப்ப யூனிட் பூட்டினா திரும்பவும் அந்த எண்ணெயிலதான் கை வைக்கணும்.

அந்த நைட்டியில ஒரு சங்கதி உண்டு. நம்ம பக்கத்துப் பெண்ணுக நைட்டியோட வாசலுக்கு வரணும்னா மாருக்குக் குறுக்க ஒரு துவர்த்து போடணும். அந்தத் துண்டு இல்லாம ரோட்டுல எறங்கினா மானம் போச்சு. ஷெர்லி சொல்லுவா: "அக்கா, எங்க அம்மை 'மீனே'ன்னு கூவினா பெண்ணுக துவர்த்தைத் தேடி உள்ள ஓடும். எடுத்துட்டு வெளிய வரும்போ அம்மை நாலு வீடு தாண்டியிருப்பா. எவ்வளவு யாவாரம் போச்சு!" அதனால நெஞ்சுப் பக்கம் ரெட்டைத் துணி வச்சு, மேல அகலமா ஒரு ஃப்ரில் கொடுத்தா. இனி துவர்த்து வேண்டாம்.

சாலைத் தெருவில் ஒரு நடை

மறுநாள் அவளும் நானும் மொத்தக் கடைக்குப் போனோம். கடை முதலாளி நல்ல மனுசன்தான், பேச்சுல பாதி மலையாளம்.

"மோளே, தையலு கொள்ளாம், நல்லாருக்கு. பக்ஷே நம்ம பெண்ணுங்க தோர்த்து இல்லாதே வெளிய எறங்குமோ? ஒருத்தியும் எடுக்கல. ஒரு காரியம் செய். உன் பழைய ரேம்ப் போட்டோ ஒண்ணு கவர்ல ஒட்டு. பறந்து போகும்."

எனக்கு உள்ளம் குளுந்து போச்சு. அட, ஒரு போட்டோதானே! ஷெர்லி முடியாதுன்னு தலையை ஆட்டிட்டா. "எனக்க மூஞ்சியைக் கண்டா ஒரு தடவை வாங்குவா முதலாளி. ரெண்டாந்தடவை துணியைக் கண்டாக்கும் வாங்கணும்."

"எங்கில் சரி, கொண்டு போய்க்கோ. இனி லாட் அனுப்பண்டாம்."

ஷெர்லி என்னைப் பாத்தா. "அக்கா, ஒரு பீசைப் போட்டுட்டு எதுத்த சாயாக்கடையில மூணு சாயா சொல்லிட்டு வாங்க. துவர்த்து வேண்டாம்."

"நானா? போ பிள்ள! எனக்க கெட்டினவன் கேட்டா வெட்டிப் போடுவான். நீயில்லா நடக்கப் படிச்சவ, நீ நட!"

"நான் நடந்தா எல்லாரும் பாப்பாங்க. பாத்தா நாம தோத்தோம் அக்கா. உங்களை யாரும் பாக்கப்பிடாது."

அண்டியாபீசு நெனைப்பு வந்தது. ஸ்டோர் ரூம்ல போய் மாத்திட்டு, ஏசுவே கிருஷ்ணான்னு எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு எறங்கினேன். கை தன்னால தோளுக்குப் போகுது, இல்லாத துவர்த்தை இழுத்து விட. தெரு நிறைய ஆம்பிளையளு. ஒரு சுமட்டுக்காரர் என்னை நோக்கி வந்தாரு. போச்சுடா மானம்!

"சேச்சி, தள்ளி நில்லு, சாக்கு வருது."

அவ்வளவுதான். சாயாக்கடைக்காரன் தலையே தூக்கல. "ஸ்ட்ராங்கா, லைட்டா?"ன்னான்.

திரும்பி வந்தேன். பொய் சொல்லப்பிடாது, எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. "பிள்ள, ஒரு நாயும் பாக்கல"ன்னேன்.

ஷெர்லி கடைக்குள்ளயே துள்ளி என்னைக் கெட்டிப் பிடிச்சுட்டா. எத்தனை ஊருல கைதட்டு வாங்கினவ! ஆனா அவ கண்ணு நெறஞ்சு நான் கண்டது அன்னைக்குத்தான். முதலாளி வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்திருக்காரு. "அந்த லாட்டை எறக்கு, வித்து நோக்கட்டே"ன்னாரு.

யூனிட் பாக்க வந்த டிசைன் படிக்கற பிள்ளையளே, நாலு பேரைத் திரும்பிப் பாக்க வைக்க ஒரு மினுக்குத் துணி போதும். ஒருத்தி நெஞ்சு பதறாம தெருவைத் தாண்டிப் போயி சாயா சொல்லணும்னா, அதுக்குத்தான் தொழில் தெரியணும். அந்த லாட் வித்துத் தீந்து, ஓணத்துக்குள்ள யூனிட்டுல ரெண்டு ஷிப்ட் ஓடிச்சு. எனக்க கை வெளுத்தே போச்சு, மக்கா.