காளியாயி ஏன் திரும்பிப் பார்த்தாள்?

இலங்கையின் நுவரெலியாவில் பிரஜாவுரிமை விசாரணை நடந்த காலத்தில் ஆண்டியப்பன் அங்கே தற்காலிக மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ராகலைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். இந்தியாவிலிருந்து வந்து காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளை நிறுத்தி, நீ இந்த நாட்டு ஆள்தான் என்று நிரூபி என்றது சட்டம். அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பதுதான் அவர் பிழைப்பு. கேட்டுக் கேட்டு நாக்கு கசந்துபோயிருந்தது. விசாரணை அதிகாரி முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தார்: "அவர்கள் சொல்வதை மட்டும் சொல். சொந்தமாக ஏதாவது சேர்த்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன்."

1953இல் ஒரு மழைக்காலக் காலை. காளியாயி என்ற கொழுந்து பறிக்கும் கைம்பெண்ணின் முறை வந்தது. அவள் தோட்டத்து ஆட்களை அடையாளம் காட்ட, அவர்களை வேலைவாங்கும் முத்துலிங்கம் கங்காணியும் லொறியில் வந்திருந்தார். அவள் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"என்னா காளியாயி, சங்கத்துல சேந்தா பிரஜாவுரிமைய லயத்துக்கே கொண்டாந்து தருவாங்கன்னாங்களே! இங்க எதுக்கு வந்து நனையுற?" என்று வாசலிலேயே சீண்டினார். அவள் கம்பளியைத் தலையிலிருந்து இறக்கி இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறந்த தோட்டம், புருஷன் செத்த வருஷம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அதிகாரி கேட்டார்: "1943இல் உன் பெயர் தோட்டத்துப் பதிவேட்டில் இல்லை. எங்கே இருந்தாய்?"

காளியாயி கங்காணியைத் திரும்பிப் பார்த்தாள். கங்காணி ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். அதிகாரி மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் திரும்பினாள்.

"சொல்லிக்கொடுத்த பதில் மறந்துவிட்டது, பார்!" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். "இந்தியாவுக்குப் போயிருந்திருக்கிறாள். இடைவிடாமல் இங்கேயே இருந்தவர்களுக்குத்தான் உரிமை. தள்ளுபடி." பேனாவை எடுத்தார்.

அப்படித் திரும்பிப் பார்ப்பது ஆண்டியப்பனுக்குத் தெரிந்ததுதான். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், தோட்டத்தை நடத்தும் துரை யாரைக் கேட்டாலும் பதில் சொல்வது கங்காணிதான். தொழிலாளி முந்திக்கொண்டு வாய் திறந்தால் அது துடுக்கு. அன்றைக்கு வேலை கிடையாது. 'காய்ச்சலா?' என்று துரை கேட்ட ஒரு நாளில் ஆண்டியப்பனின் தாயும் இப்படித்தான் கங்காணியைத் திரும்பிப் பார்த்தாள். "நடிப்புங்க தொர" என்றார் அந்தக் கங்காணி. தாய் நடுங்கிக்கொண்டே கூடையைத் தூக்கினாள். இதற்கு மரியாதை என்று பெயர். எந்தச் சாமியும் விதித்ததல்ல. மனிதர்கள் மனிதர்களுக்குப் போட்ட வாய்ப்பூட்டு.

"ஐயா, அவள் மறக்கவில்லை" என்றார் ஆண்டியப்பன். "தோட்டத்தில் இப்படிப்பட்ட கேள்விக்குக் கங்காணிதான் பதில் சொல்வார். அவர் பேசட்டும் என்று காத்திருக்கிறாள். அவரைக் கேளுங்கள்."

"இதை அவள் சொன்னாளா?"

"இல்லை, ஐயா."

அதிகாரி அவரை முறைத்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. "சரி, கேள்."

கங்காணி தொண்டையைச் செருமினார். "அந்த வருசம் அவ இந்தியாவுக்குப் போயிட்டாளுங்க, தொர."

அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவர் ஆண்டியப்பன்தான். காப்பாற்றப் போய் அவள் கழுத்தில் நாமே கயிற்றைப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தார். சொன்னார், ஒரு சொல்லும் மாற்றாமல்.

பேனா தாளைத் தொட்டது.

"பொய்ங்க!" காளியாயியின் குரலில் அறை அதிர்ந்தது. "பேர வெட்டி என்னைய வெரட்டுனது நீங்கதானே கங்காணி? இந்தா இருக்குற பூண்டுலோயாவுல எங்கக்கா லயத்துலதானே கெடந்தேன்? அந்த வருசமே அங்க எம்புள்ள செத்தப்ப எழவுக்கு வந்தீங்களே! ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட்டீங்களே! இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்!"

ஆண்டியப்பன் மூச்சுவிடாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி கங்காணியின் பக்கம் திரும்பினார். "போனாயா?"

கங்காணிக்கு அவளை வேலையிலிருந்து விரட்ட முடிந்திருந்தது. ஆனால் எழவுக்குப் போகாமலிருக்க முடியவில்லை. எவ்வளவு பகை என்றாலும் லயத்துக்காரர்கள் சாவுக்குப் போகாமல் இருப்பதில்லை. அந்தக் குழிமேட்டில் நின்ற பாதித் தோட்டமும் வெளியே வராந்தாவில் முறைக்காகக் காத்திருந்தது. அவர் அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"போனேங்க."

அதிகாரி வராந்தாவிலிருந்து மேலும் இருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். பிறகு எழுதினார். ஏற்கப்பட்டது. ஆண்டியப்பனிடம் வேறெதுவும் பேசாமல், "அடுத்த தோட்டத்துக் கங்காணி வெளியிலேயே நிற்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சாப்பாட்டு வேளையில் ஆண்டியப்பன் காளியாயியைத் தேடி வந்தார். "அக்கா, அந்த ஆளோட லொறியில போகாதீங்க. ராகலை பஸ்ல ஏத்திவிடுறேன்."

"நான் எதுக்குங்க பஸ்ல போகணும்?" என்றாள் அவள், கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு. "சங்கடமா இருந்தா அவரு போகட்டும்."

லொறியின் பின்பக்கம் ஏறி, நடு இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.